மிதக்கும் மந்திரம் செத்துவிட்டதா, ஒளித்துவைத்திருக்கிறார்களா?

2002-ல் வெளியான 'மோரோவிண்ட்' கேமை ஆடியவர்கள் மறக்காத காட்சி ஒன்று உண்டு. சேய்டா நீன் என்ற சின்னத் துறைமுக ஊரில் கைதியாக வந்து இறங்குகிறீர்கள். கையில் பெரிதாக ஒன்றும் இருக்காது. ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்தால் வானத்திலிருந்து ஓர் அலறல். நிமிர்ந்து பார்ப்பதற்குள் அங்கி போட்ட மந்திரவாதி ஒருவர் தொப்பென்று விழுந்து செத்துப்போகிறார். அவரிடம் மூன்று மந்திரச் சுருள்கள் இருக்கும். அதில் ஒன்றைப் படித்துவிட்டு எகிறினால் ஒரே தாவலில் மலையைத் தாண்டலாம். தரையிறங்குவது எப்படி என்று மட்டும் மனுஷன் யோசிக்கவில்லை.

சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஆனால் அந்த ஒரு காட்சியிலேயே கேம் நமக்கு ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறது. இந்த உலகத்தில் வானமும் உங்களுக்குத் திறந்திருக்கிறது, விழுந்தால் அது உங்கள் பாடு.

அடுத்த கேமில் அந்த வானம் மூடப்பட்டது. அதற்கடுத்த கேமிலும் திறக்கவில்லை. காரணம் கேட்டால், 'அதற்குத் தடைச் சட்டம் வந்துவிட்டது' என்று கதைக்குள்ளேயே ஒரு பதில் இருக்கிறது. அப்படியென்றால் அந்த மந்திரம் அந்த உலகத்தில் இன்னும் இருக்கிறதா, அழிந்துவிட்டதா? ரசிகர்கள் இருபது வருடமாக இதைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கற்பனை உலகம்தானே, இதில் என்ன கிடக்கிறது என்று தோன்றலாம். கொஞ்சம் கிளறினால், நாம் காசு கொடுத்து வாங்கும் எல்லா டிஜிட்டல் உலகங்களுக்கும் பொருந்துகிற ஒரு கேள்வி இதற்குள் இருக்கிறது.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த மந்திரம் அங்கே உயிரோடுதான் இருக்கிறது. ஆனால் ஆடுபவரின் கையிலிருந்து அது பிடுங்கப்பட்டுவிட்டது. பிடுங்கியவர்கள் சொன்ன காரணம் சரியில்லை என்பதுதான் என் வருத்தம்.

எந்த உலகம், எந்த மந்திரம்?

'தி எல்டர் ஸ்க்ரோல்ஸ்' என்பது அமெரிக்காவின் பெதெஸ்டா நிறுவனம் 1994 முதல் வெளியிட்டுவரும் கேம் தொடர். 'அரீனா' 1994, 'டாகர்ஃபால்' 1996, 'மோரோவிண்ட்' 2002, 'ஆப்லிவியன்' 2006, 'ஸ்கைரிம்' 2011. இவை ஐந்தும் பிரதான பாகங்கள். 2014-ல் தொடங்கிய ஆன்லைன் கேம் ஒன்றும் உண்டு. எல்லாமே டாம்ரியல் என்ற ஒரே கண்டத்தில் நடப்பவை. அந்த உலகத்துக்குத் தனி யுகக் கணக்கு, சாம்ராஜ்யம், சட்டங்கள், நூல்கள் எல்லாம் இருக்கின்றன. கேமுக்குள் அலமாரியில் கிடக்கும் புத்தகத்தை எடுத்தால் பக்கம் பக்கமாகப் படிக்கலாம். இந்தத் தொடருக்கு இவ்வளவு விசுவாசமான கூட்டம் இருப்பதற்கு அந்தப் புத்தகங்களும் ஒரு காரணம்.

நாம் பேசும் மந்திரத்துக்கு லெவிடேஷன் என்று பெயர். காற்றில் மிதந்து நகர்வது. சூப்பர்மேன் மாதிரி சர்ரென்று பறப்பதெல்லாம் கிடையாது. மோரோவிண்டில் மந்திரத்தின் வலிமையைப் பொறுத்து வேகம், காலத்தைப் பொறுத்து ஆயுள். சாதாரண ஆளுக்கு நடக்கிற வேகம்கூட வராது. நடுவானத்தில் நேரம் முடிந்தால் கீழே விழுவீர்கள், அடிபடும். மேலே போனால் கிளிஃப் ரேசர் என்ற சனியன் பிடித்த பறவைகள் துரத்தி வந்து கொத்தும். இவ்வளவு தொல்லை இருந்தும் ஆட்கள் அதை விடவில்லை. மலையைச் சுற்றிப் போவதற்குப் பதிலாக மேலே ஏறிப் போகலாம், கோட்டைக் கதவு பூட்டியிருந்தால் மதிலைத் தாண்டலாம். எப்படிப் போக வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை, நீங்களே கண்டுபிடித்தீர்கள்.

அந்த உலகமே இந்த மந்திரத்தை நம்பித்தான் கட்டப்பட்டிருந்தது. டெல்வான்னி என்ற மந்திரவாதிக் குலத்தவர் ராட்சதக் காளான்களை வளர்த்து அவற்றுக்குள்ளேயே குடியிருப்பார்கள். அந்தக் கோபுரங்களில் மேல்தளத்துக்குப் படிக்கட்டு இருக்காது. மிதந்து வரத் தெரியாதவன் என்னைப் பார்க்கவே லாயக்கில்லை என்பது அவர்கள் கர்வம். போஷன் வாங்கியோ மந்திரம் கற்றோ நீங்கள் மேலே போய்ச் சேரும்போது, அந்தக் கர்வத்தின் அர்த்தம் வசனம் இல்லாமலே புரிந்துவிடும்.

சட்டம் வந்ததா, சுவர் வந்ததா?

2006-ல் ஆப்லிவியன் வந்தபோது லெவிடேஷன் இல்லை. கேமுக்குள் போகிற போக்கில் ஒரு சட்டத்தைக் குறிப்பிடுகிறார்கள். மூன்றாம் யுகம் 421-ல் வந்த மிதப்புத் தடைச் சட்டம். அவ்வளவுதான் விளக்கம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மோரோவிண்ட் கதை நடப்பது மூன்றாம் யுகம் 427-ல். சட்டம் வந்து ஆறு வருடம் கழித்து அங்கே கடையில் மிதப்புப் போஷன் விற்கிறார்கள், ஆசிரியர்கள் மந்திரம் கற்றுத் தருகிறார்கள், ஒருவரும் தடுக்கவில்லை. மோரோவிண்ட் மாகாணத்துக்குச் சாம்ராஜ்யத்தோடு தனி ஒப்பந்தம் இருந்தது, அதனால் சட்டம் அங்கே செல்லாது என்று ரசிகர்கள் சமாதானம் சொல்கிறார்கள். கதைக்குள் அந்த ஒப்பந்தம் உண்மைதான். அடிமை முறைகூட அந்த மாகாணத்தில் மட்டும் தொடர்ந்தது. ஆனால் இந்தச் சமாதானத்தைக் கண்டுபிடித்தது ரசிகர்கள். கேம் அதைத் தெளிவாகச் சொல்லவில்லை.

நிஜக் காரணம் கதைக்கு வெளியே இருக்கிறது. மோரோவிண்டின் ஊர்கள் திறந்தவெளியின் ஒரு பகுதி. பல்மோராவுக்குள் நுழையும்போது லோடிங் திரை என்று தனியாக எதுவும் வந்து நிற்காது. ஆப்லிவியனில் பெரிய நகரங்கள் தனித்தனிப் பெட்டிகள். வாசல் கதவைத் தொட்டால் லோடிங் திரை வரும், அப்புறம்தான் நகரம். நகரத்துக்குள் இருக்கும்போது மதிலுக்கு வெளியே தெரிவது நிஜ உலகம் கிடையாது, தூரத்துக்காக வைத்த தோற்றம் மட்டும்தான். வெளியில் நிற்கும்போது உள்ளே இருப்பதும் அப்படித்தான். இதில் மிதக்கவிட்டால் நீங்கள் மதிலுக்கு மேலே போய் எட்டிப்பார்ப்பீர்கள். அட்டை வீடு அட்டை வீடாகத் தெரிந்துவிடும்.

இது ஊகம் என்று நினைத்தால், இதற்கு ஒத்திகை 2002-லேயே நடந்திருக்கிறது. மோரோவிண்டுக்கு அந்த வருடம் வந்த 'டிரிப்யூனல்' என்ற கூடுதல் பாகத்தில் மோர்ன்ஹோல்ட் என்ற நகரம் வருகிறது. அதுவும் இப்படித் தனிப் பெட்டியாகக் கட்டப்பட்ட நகரம்தான். அங்கே லெவிடேஷன் வேலை செய்யாது. அதே கேம், அதே மந்திரம், அதே மாகாணம். மாறியது நகரத்தைக் கட்டிய முறை மட்டும்.

ஆக, முதலில் வந்தது சுவர். சட்டம் அப்புறம்தான் வந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதை.

நியாயமாகப் பேச வேண்டும் என்றால் பெதெஸ்டாவின் பக்கமும் இருக்கிறது. ஆப்லிவியனில் நகரவாசிகள் ஒவ்வொருவருக்கும் தினசரி அட்டவணை உண்டு. காலையில் எழுந்து, கடை திறந்து, சாப்பிட்டு, இரவு வீட்டுக்குப் போய்த் தூங்குவார்கள். இத்தனை பேரையும் இத்தனை விவரமான கட்டடங்களையும் அன்றைய எக்ஸ்பாக்ஸ் 360-ன் 512 எம்பி நினைவகத்தில் ஓட்ட வேண்டும். உலகத்தைத் துண்டு போடாமல் அது நடந்திருக்காது. இன்னொரு சிக்கலும் உண்டு. மிதக்கத் தெரிந்தவன் மேலே நின்றுகொண்டு நெருப்பைக் கொட்டினால் கீழே வாளோடு நிற்கிறவன் பாவம், ஒன்றும் செய்ய முடியாது. மோரோவிண்டில் இதை வைத்தே பிழைத்தவர்கள் ஏராளம். வடிவமைப்பாளர்களுக்கு இது தலைவலி என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

அதனால் எடுத்ததைக் குறை சொல்லவில்லை. எடுத்துவிட்டு அதை மூடிய விதம்தான் பிரச்சினை.

சட்டம் போட்டால் மறைந்துவிடுமா?

அதே ஆப்லிவியனில் ஸ்கூமா என்ற போதைப்பொருள் சட்டவிரோதம். ஆனால் விற்பவனும் இருக்கிறான், அடிமையானவனும் இருக்கிறான். பிணங்களை எழுப்பும் நெக்ரோமான்சி வித்தைக்கு மந்திரவாதிகள் சங்கத்தின் தலைவர் ஹானிபல் டிராவன் தடை போடுகிறார். விளைவு என்ன? குகைக்குக் குகை நெக்ரோமான்சர்கள். அந்தச் சங்கத்தின் முழுக் கதையும் அவர்களோடு நடக்கும் சண்டைதான்.

தடை செய்தால் ஒரு வித்தை என்ன ஆகும் என்று அந்த உலகமே நமக்குக் காட்டிவிட்டது. அது தலைமறைவாகும், விலை ஏறும், கெட்டவர்கள் கைக்குப் போகும். அழியாது. அப்படி இருக்க, மிதப்பு மந்திரத்துக்கு மட்டும் ஒரு திருட்டு வியாபாரிகூட இல்லை. சட்டத்தை மதிக்காத கொள்ளைக்காரனோ, சபிக்கப்பட்ட மந்திரவாதியோ ஒருவர்கூட அதைப் பயன்படுத்துவதில்லை. எந்த நாட்டிலும் எந்தச் சட்டத்துக்கும் இப்படி நூறு சதவீத மரியாதை கிடைத்ததில்லை.

பெயர் போய் உயிர் தப்பிய இன்னொரு வித்தை

இதோடு ஒப்பிட்டுப் பார்க்க அதே உலகத்தில் இன்னொரு வித்தை இருக்கிறது. மிஸ்டிசிசம்.

டாகர்ஃபால் முதல் ஆப்லிவியன் வரை மந்திரக் கலை பல பள்ளிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. அதில் மிஸ்டிசிசமும் ஒன்று. யாருக்கும் சரியாகப் புரியாத பள்ளி என்று கேமுக்குள் இருக்கும் புத்தகமே அதைப் பற்றிச் சொல்கிறது. ஆர்டேயம் என்ற மறையும் தீவில் வாழும் சைஜிக் துறவிகளின் பழைய முறையிலிருந்து வந்தது என்பது அதன் பூர்வீகம். செத்துப்போகும் உயிரின் ஆன்மாவைப் பிடித்துவைப்பது, தொடாமல் பொருளை நகர்த்துவது, சுவருக்கு அப்பால் உயிர் இருக்கிறதா என்று அறிவது, எதிரி ஏவிய மந்திரத்தை உறிஞ்சிக்கொள்வது எல்லாம் அதன் பாடத்திட்டம்.

ஸ்கைரிமில் மிஸ்டிசிசம் இல்லை. ஆப்லிவியனில் 21 ஆக இருந்த திறன்கள் ஸ்கைரிமில் 18 ஆகக் குறைந்தன. அதில் இந்தப் பள்ளியின் பெயர்ப்பலகையையும் கழற்றிவிட்டார்கள். ஆனால் உள்ளே இருந்தவர்கள் வெளியேறவில்லை, பக்கத்து வகுப்புக்கு மாற்றப்பட்டார்கள். ஆன்மாவைப் பிடிக்கும் மந்திரம் கான்ஜுரேஷன் பள்ளிக்குப் போனது. பொருள் நகர்த்துவதும் உயிர் அறிவதும் ஆல்டரேஷனுக்குப் போயின. மந்திரம் உறிஞ்சும் சக்தி ஆல்டரேஷனில் ஒரு சிறப்புத் தகுதியாக மாறியது. 30 சதவீதம் உறிஞ்சலாம்.

ஆகவே இன்று ஸ்கைரிம் ஆடும் ஒருவர் மிஸ்டிசிசம் என்ற சொல்லையே கேள்விப்படாமல் தினமும் மிஸ்டிசிசம் செய்துகொண்டிருக்கிறார். பேர் போனது, வேலை தொடர்கிறது. 2025-ல் ஆப்லிவியனைப் புதுப்பித்து மறுவெளியீடு செய்தபோது அந்தப் பெயரும் அதோடு திரும்பி வந்தது.

லெவிடேஷன் கதை இதற்கு நேர் தலைகீழ். பெயர் இருக்கிறது, சட்டம் இருக்கிறது, வரலாறு இருக்கிறது. கையில் மட்டும் இல்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்களே, அதுதான்.

ஒரு வித்தை உயிரோடு இருக்கிறதா என்று கேட்டால், அகராதியில் இருக்கிறதா என்று பார்ப்பதா, யாராவது அதைச் செய்கிறார்களா என்று பார்ப்பதா? நான் இரண்டாவதைத்தான் பார்ப்பேன். அந்தக் கணக்கில் மிஸ்டிசிசம் சாகவே இல்லை.

அப்போ லெவிடேஷன்?

இங்கேதான் சுவாரசியமான சாட்சி ஒருவர் வருகிறார். பெயர் நெலோத். டெல்வான்னி குலத்து மூத்த மந்திரவாதி, மகா சிடுமூஞ்சி.

2002-ன் மோரோவிண்டில் இவர் சாட்ரித் மோரா ஊரில் டெல் நாகா என்ற காளான் கோபுரத்தின் உச்சியில் இருப்பார். அவரிடம் பேச வேண்டும் என்றால் நீங்களே மிதந்து மேலே போக வேண்டும். பத்து வருடம் கழித்து, 2012-ல் ஸ்கைரிமுக்கு 'டிராகன்பார்ன்' என்ற கூடுதல் பாகம் வந்தது. கதைப்படி இரண்டு கேம்களுக்கும் இடையே சுமார் 200 வருடம். டெல்வான்னிகள் மந்திரத்தால் ஆயுளை நீட்டிக்கொள்பவர்கள். அதனால் அதே நெலோத், அதே சிடுசிடுப்போடு, இந்தமுறை சோல்ஸ்தைம் தீவில் டெல் மித்ரின் என்ற புதுக் காளான் கோபுரத்தில் உட்கார்ந்திருக்கிறார். இதிலும் படிக்கட்டு இல்லை. கோபுரத்தின் நடுவில் ஒரு தண்டு இருக்கிறது. அதற்குள் போய் நின்றால் போதும், உங்களை மெதுவாக மேலே தூக்கிக்கொண்டு போகும்.

அதாவது லெவிடேஷன் இருக்கிறது. ஆனால் லிஃப்ட்டாக இருக்கிறது.

ஸ்கைரிமில் இதுமட்டும் இல்லை. பழைய டிராகன் பூசாரிகள் கல்லறையிலிருந்து எழுந்தால் தரையில் கால் படாமல் மிதந்து வந்துதான் உங்களோடு மோதுவார்கள். ஆக, இயற்கை விதி ஒன்றும் மாறிவிடவில்லை. அந்த உலகத்தின் காற்று இன்னும் ஆளைத் தாங்குகிறது.

அறிவு தொலைந்துபோயிருக்கலாமே என்று ஒரு வாதம் உண்டு. அதற்கும் கதையில் இடம் இருக்கிறது. நான்காம் யுகத்தின் தொடக்கத்தில் மந்திரவாதிகள் சங்கம் கலைந்துபோனது. அதன் இடத்தில் ஒன்றுக்கொன்று ஆகாத இரண்டு அமைப்புகள் வந்தன. நான்காம் யுகம் 122-ல் விண்டர்ஹோல்ட் ஊரின் பெரும்பகுதி கடலுக்குள் சரிந்தது. மந்திரக் கல்லூரி மட்டும் பாறை மேல் தனியாக மிஞ்சியது. சங்கம் போய், ஊர் போய், சொல்லித்தர ஆள் இல்லாமல் ஒரு வித்தை அற்றுப்போவது நம் உலகத்திலும் நடப்பதுதானே?

நம்பக்கூடிய கதைதான். சட்டத்தை விட எவ்வளவோ மேலான கதையும்கூட. ஆனால் நெலோத் குறுக்கே நிற்கிறார். அவருக்குத் தெரியும், 200 வருடமாகத் தெரியும். அவர் கோபுரத்தில் அது ஓடிக்கொண்டிருக்கிறது. நீங்கள் அவருக்காக அலைந்து திரிந்து வேலை செய்தாலும் அதைச் சொல்லித் தரச் சொல்லிக் கேட்க ஒரு வசனம்கூட உங்களுக்குக் கொடுக்கப்படவில்லை. இந்த இடத்தில்தான் எனக்கு வயிறு எரிகிறது. 'முடியாது, உனக்கு அந்தத் தகுதி இல்லை' என்று அவர் துரத்தியிருந்தாலாவது அந்த மந்திரத்துக்கு அந்த உலகத்தில் ஒரு மதிப்பு இருந்திருக்கும். நெலோத்துக்கு அந்த மறுப்பு கச்சிதமாகப் பொருந்தியும் இருக்கும்.

பறக்காவிட்டால் என்ன குறை?

லெவிடேஷனோடு போனது அது ஒன்று மட்டும் இல்லை. மோரோவிண்டில் ஓரிடத்தில் குறிவைத்துவிட்டு, எங்கிருந்தாலும் அங்கே திரும்பி வரும் மந்திரம் இருந்தது. அருகிலுள்ள கோயிலுக்கு உங்களைக் கொண்டுபோய் விடும் மந்திரம் இருந்தது. ராட்சதப் பூச்சியின் முதுகில் ஏறி ஊர்விட்டு ஊர் போகும் வண்டி இருந்தது. ஆப்லிவியனில் இவை எல்லாவற்றின் இடத்திலும் வரைபடம் வந்தது. ஏற்கெனவே போன ஊரை மேப்பில் தொட்டால் போதும், போய்ச் சேர்ந்துவிடலாம்.

வேலை முடிந்து வந்து ராத்திரி ஒரு மணி நேரம் ஆடுகிறவர்களுக்கு இது வரம். நானும் தொட்டுத் தொட்டுத்தான் போகிறேன். ஆனால் வித்தியாசத்தைக் கவனியுங்கள். முன்பு பயணம் என்பது அந்த உலகத்துக்குள் இருந்த ஒரு அறிவு. எந்த வண்டி எங்கே போகும், எந்த மந்திரத்தை எப்போது போட வேண்டும் என்று கற்றுக்கொண்டீர்கள். கற்றதால் நீங்கள் அந்த ஊர்க்காரர் ஆனீர்கள். இப்போது பயணம் என்பது மெனுவில் ஒரு பட்டன். அந்த உலகத்து மனிதர் யாருக்கும் அந்தப் பட்டன் தெரியாது. வசதி கூடியது, ஊரோடு இருந்த உறவு குறைந்தது.

வேறு கம்பெனிகளும் இந்தப் பிரச்சினையைச் சந்தித்திருக்கின்றன. 'வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்' 2014-ல் புதிய நிலப்பரப்பை வெளியிட்டபோது பறப்பதை நிறுத்திவைத்தது. இனி பறக்கவே வேண்டாம் என்று 2015-ல் சொன்னதும் ஆடுபவர்கள் கொதித்துப்போனார்கள். சில வாரங்களில் முடிவு மாறியது. முதலில் நிலத்தில் நடந்து எல்லாவற்றையும் பார், அதற்குப் பரிசாக வானம் தருகிறோம் என்று ஒரு நடுவழி கண்டுபிடித்தார்கள். 2023-ல் நின்டென்டோவின் 'டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்' இன்னும் ஒரு படி மேலே போனது. அதில் கூரையைத் துளைத்து மேலே எழும் சக்தி ஒன்று உண்டு. முதலில் அது, கேமை உருவாக்கியவர்கள் சோதனையின்போது சீக்கிரம் வெளியே வருவதற்காக வைத்திருந்த குறுக்குவழி. அதையே ஆடுபவர் கையில் கொடுத்துவிட்டார்கள். உலகம் உடைந்துவிடவில்லை.

அப்படியானால் 2006-ன் காரணங்கள் 2006-க்கு நியாயம். அவை என்றைக்குமான விதிகள் கிடையாது.

நம் பணம், அவர்கள் உலகம்

இதில் நிஜமாகவே இழக்க எதுவும் இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது.

இன்றைக்கு ஆசை வந்தால் மோரோவிண்டை வாங்கி இன்றிரவே மிதக்கலாம். அது தனியாக ஆடும் பழைய கேம். யாராலும் உள்ளே வந்து மந்திரத்தை அழித்துவிட்டுப் போக முடியாது. ஓப்பன்எம்டபிள்யூ என்று தன்னார்வலர்கள் எழுதிய இலவச எஞ்சின் இருக்கிறது. அதன் தயவில் அந்தக் கேம் புதிய கணினிகளில் ஓடுகிறது, ஆண்ட்ராய்டு போனில் ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள். டாம்ரியல் ரீபில்ட் என்ற ரசிகர் குழு பல வருடமாகச் சம்பளம் இல்லாமல் அந்த மாகாணத்தின் மீதி நிலப்பரப்பைக் கட்டிக்கொண்டிருக்கிறது. ஸ்கைரிமுக்கே மிதப்பு மந்திரத்தைத் திருப்பிக் கொண்டுவரும் மாட்களும் உண்டு. அந்த வித்தையை உயிரோடு வைத்திருப்பவர்கள் என்று சொன்னால் நெலோத்தை விட இவர்களைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

இதே தொடரின் ஆன்லைன் கேமை எடுத்துக்கொள்ளுங்கள். 2016-ல் 'ஒன் டாம்ரியல்' என்று ஒரு அப்டேட் வந்தது. எந்தப் பகுதிக்கு யார் எப்போது போகலாம் என்ற விதியையே அது மாற்றியது. பலருக்கும் அது பிடித்திருந்தது, எனக்கும் அதில் குறை இல்லை. ஆனால் 2014-ல் இருந்த அந்த உலகத்தைத் திரும்பப் போய்ப் பார்க்க வழியே இல்லை. பழைய விதியோடு பழைய உலகமும் போய்விட்டது. நம் போனில் இருக்கும் பெரும்பாலான கேம்கள் இந்த இரண்டாவது வகை. நேற்று வரை வேலை செய்த ஒரு சக்தி இன்று காலை அப்டேட்டில் காணாமல்போகும். 'பேலன்ஸ் செய்தோம்' என்று ஒரு வரி இருக்கும். 'யுபிசாஃப்ட்' நிறுவனம் 2024 மார்ச்சில் 'தி க்ரூ' கேமின் சர்வரை அணைத்தபோது, காசு கொடுத்து வாங்கியவர்கள்கூட அதைத் திறக்க முடியாமல் போனது. அங்கே 'அந்த மந்திரம் இன்னும் இருக்கிறதா?' என்று கேட்கக்கூட முடியாது. தேடிப் பார்க்க உலகமே இல்லை.

அதனால்தான் லெவிடேஷன் விவாதத்தை வெட்டிப்பேச்சு என்று நான் ஒதுக்க மாட்டேன். ஒரு கற்பனை உலகத்தின் சட்டம், இயற்கை, வரலாறு மூன்றையும் ஒரே கம்பெனி எழுதுகிறது. எழுதியதை மாற்ற அதற்கு உரிமை உண்டு. மாற்றியதை நினைவில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்க நமக்கும் உரிமை உண்டு.

அடுத்து என்ன செய்யலாம்?

'எல்டர் ஸ்க்ரோல்ஸ் 6' பற்றிய அறிவிப்பு 2018-லேயே வந்துவிட்டது. கேம் இன்னும் கைக்கு வரவில்லை. பெதெஸ்டா இப்போது மைக்ரோசாஃப்ட்டின் கையில். நினைவகப் பஞ்சம் என்று 2006-ல் சொன்னதை இனி யாரும் சொல்ல முடியாது.

எனக்கு வானம் முழுக்க வேண்டும் என்று பிடிவாதம் இல்லை. திருப்பித் தர முடிந்தால் தரட்டும். வார்கிராஃப்ட் செய்தது போல, நிலத்தை நடந்து முடித்தவனுக்குக் கொடுக்கட்டும். முடியாவிட்டால் சட்டத்தைக் காட்டாமல் நம்பும்படியான காரணம் ஒன்றைக் கதைக்குள் வைக்கட்டும். சங்கம் கலைந்தது, நூல்கள் எரிந்தன, ஆசிரியர் செத்தார் என்று எதுவானாலும் சரி. சட்டம்தான் காரணம் என்றால் அந்தச் சட்டத்துக்கு ஒரு குற்றவாளியையாவது காட்டட்டும். ஏதோ ஒரு ஊரின் பின்சந்தில், மிதப்புப் போஷனை ரகசியமாக விற்கும் ஒருத்தி. விலை கொள்ளையாக இருக்கட்டும். குடித்தால் பத்து நொடி தாங்கட்டும், அதற்குமேல் வேண்டாம்.

அந்தப் பத்து நொடியில் நான் மதிலைத் தாண்டுகிறேனா, நடுவழியில் விழுந்து சாகிறேனா என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.